பக்கத்து சீட்டு பிரேக்

இராசமலர் அக்கா டிரெய்லரோடு வண்டியைப் பின்னால் எடுப்பதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் காலையில் மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் மளிகைக் கடையின் பின்பக்கம் வந்தால் பார்க்கலாம். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் எங்கள் குப்பைத் தொட்டிகள், நடுவில் சந்து போல ஒரு வழி. அக்கா ஐந்தடி உயரம்கூட இல்லை. சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை இப்படி ஒரு விரல் அப்படி ஒரு விரல் திருப்பி, டிரெய்லரைக் கதவுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துவார். பிறகு இறங்கி வந்து, "பிள்ளை, தேத்தண்ணி இருக்கே?" என்று கேட்பார், ஏதோ அடுத்த தெருவிலிருந்து நடந்து வந்தவர் மாதிரி.

நான் நாமக்கல்லில் பிறந்தவள். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் லாரி மேல்தான் விழ வேண்டும். அதனால் வண்டி ஓட்டுபவர்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்போடு சொல்கிறேன், அக்காவைப் போல் ஓட்டுகிறவர்கள் குறைவு. ஆனால் இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். "நான் டிரைவரே? டிரைவர் அவர். நான் சும்மா பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்" என்பார். இந்த ஒரு பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அவர்" என்பது தியாகலிங்கம் அண்ணன், அக்காவின் வீட்டுக்காரர். இலங்கையில் லாரி, இங்கே வந்த புதிதில் ரொட்டி வேன், அப்புறம் யார் யாருடைய டிரக்கோ, கடைசியில் சொந்தமாக ஒரு பழைய டீசல் யூட். முன்னால் கார், பின்னால் சாமான் தட்டு என்றிருக்கும் வண்டியை இந்த நாட்டில் யூட் என்பார்கள். எங்கள் கடைக்கு ஹாமில்டனில் ஒரு கிளை இருக்கிறது, என் கொழுந்தனார் பார்த்துக்கொள்கிறார். இங்கே இறங்கும் அரிசி மூட்டைகளையும் பருப்பையும் தேங்காய் எண்ணெய் டின்களையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது அண்ணனின் வேலை. லின்ஃபீல்டில் அவர்களுடைய வீடு ஓடுவது அந்த வருமானத்தில்தான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அண்ணனுக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, ஓரப் பார்வை போய்விட்டது. எதிரில் இருப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து சாவியைச் சாமித் தட்டில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாராம். மறுநாள் தட்டில் சாவி இல்லை. அக்காவின் கைப்பையில் இருந்தது.

"நீரோ?" என்று கேட்டாராம் அண்ணன்.

"வேறை ஆர்?" என்றாராம் அக்கா.

அதுவரை அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் சமையலறை வேலை பார்த்தவர். காரில் கோயிலுக்கும் கறிகாய் வாங்கவும் போய் வந்ததோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும் கார் பார்க்கில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு பழகினார். எத்தனை கம்பங்களை இடித்தார் என்று அண்ணன் என்னிடம் சொல்ல வாயெடுத்தபோது அக்கா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

ஓட்டத் தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். நம் வழக்கம் தெரியுமே, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்கு மாலை, எல்லா இடத்துக்கும் சந்தனம் குங்குமம். பெண் ஒருத்தி இந்த வயதில் டிரெய்லர் இழுக்கப் போகிறாள் என்று கேட்ட ஐயருக்கு மனம் இளகி, சந்தனத்தைக் குழைத்து ஸ்டீயரிங்கிலும் அதன் பின்னால் இருக்கும் மீட்டர் கண்ணாடியிலும் தாராளமாகப் பூசிவிட்டார். அது காய்ந்து ஒட்டிக்கொண்டது. கோயில் சந்தனத்தை யார் துணி போட்டுத் துடைப்பது? வேகம் காட்டும் முள் தெரிந்தது, அது போதும் என்று விட்டுவிட்டார்கள். வருடா வருடம் பூசைக்குப் போனபோது அதே இடத்தில் இன்னும் ஒரு பூச்சு ஏறியது. எஞ்சின் சூட்டைக் காட்டும் சின்ன முள் அதற்குப் பின்னால்தான் இருந்தது.

அண்ணன் பக்கத்து சீட்டுக்கு வந்தார். அங்கே பிரேக் கிடையாது, ஆனால் அண்ணனுக்கு இருந்தது. முன்னால் ஒரு கார் மெதுவானால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். வளைவு வந்தால் அழுத்தும். அக்கா பிரேக் போடும் முன்னால் அவர் போட்டு முடித்திருப்பார். அழுத்தி அழுத்தி அந்தப் பக்கத்து ரப்பர் விரிப்பில் குதிகால் அளவுக்கு ஒரு தேய்மானம் விழுந்துவிட்டது. எங்கள் ஊர் லாரிகளில் இரண்டு டிரைவர் போவார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தூங்குவார். அவர் தூங்காமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஓட்டுகிறவருக்கு அதைவிட அவமானம் இல்லை. அண்ணன் இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடக் கண்ணயர்ந்ததில்லை. அக்காவும் அந்தக் காலைப் பார்க்காமல் இல்லை. பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றுதான், பாம்பே ஹில்ஸ். ஹாமில்டன் போகிற வழியில், டிரூரி தாண்டியதும் வருகிற நீளமான ஏற்றம். பம்பாய்க்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, அந்தக் காலத்தில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய ஒரு கப்பலின் பெயராம். மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு அந்தப் பழைய வண்டி அதில் ஏறும்போது இழுக்க மாட்டாமல் இழுக்கும். பின்னால் வரிசை சேரும். சிலர் ஹார்ன் அடிப்பார்கள். ஒருவன் முந்திப் போகும்போது கண்ணாடியை இறக்கி என்னவோ கத்திவிட்டுப் போனான்.

அண்ணன் ஓட்டிய காலத்திலும் வண்டி அதே வேகத்தில்தான் ஏறியது. அவர் கவலைப்பட்டதில்லை, வானொலியில் பாட்டைக் கூட்டி வைத்துக்கொண்டு ஏறுவார். அக்காவுக்கு ஒவ்வொரு ஹார்னும் நெஞ்சில் விழுந்தது.

"அந்த ஏத்தம் வரேக்கை கண்ணாடியிலை பின்னுக்கு நிக்கிற வரிசையைத்தான் பாக்கிறன், மீனாட்சி. எல்லாச் சனமும் என்னைத்தான் பேசுது. ஓட்டத் தெரியாதவளுக்கு ஏன் வண்டியெண்டு." ஒரு ஆகஸ்ட் மாதக் காலையில், மழையில் நனைந்த தலையைத் துடைத்தபடி அக்கா என்னிடம் சொன்னார். "நீங்கள் வேறை ஆளைப் பாருங்கோ. எனக்கு ஏலாது."

அண்ணன் அப்போது டிரெய்லரின் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஓரப் பார்வை போனாலும் காது போகவில்லை. கட்டிய முடிச்சை அவிழ்த்து, மறுபடியும் கட்டினார்.

பிறகு அவர் செய்ததை எனக்குத் தெரிந்தவரை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்த்திருக்கிறார். டீசல் வண்டிகளின் பலத்தைக் கூட்டுகிற ஒரு பெட்டி இருக்கிறது, சோப்புப் பெட்டி அளவுதான். எஞ்சினில் ஒரு வயரைப் பிடுங்கி, நடுவில் இதைச் சொருகினால் போதும், கிழட்டு வண்டி குதிரையாகிவிடும் என்று வீடியோவில் ஆளுக்கு ஆள் சத்தியம் செய்கிறார்கள். தபாலில் வரவழைத்து, அக்கா கோயிலுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையால் தடவித் தடவி அவரே மாட்டிவிட்டார். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், அதனால் சொல்லவில்லை. நம் வீடுகளில் நல்லது செய்கிறவர்களெல்லாம் திருடர்களைப் போலத்தான் செய்கிறார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா கடைக்குள் வந்த வேகத்தைப் பார்த்து, வண்டி எங்கேயோ இடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

"மீனாட்சி, நான் ஏத்திப்போட்டன்."

"எதைக்கா?"

"வண்டியை, பாம்பேயிலை. ஒருத்தனும் ஹார்ன் அடிக்கேல்லை. நான் ஒரு பெரிய லொறியை முந்தினனான், தெரியுமே? அவர்தான் சொன்னவர், பயப்பிடாமல் மிதியுமெண்டு. மிதிச்சன். போச்சுது." கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். "இவ்வளவு நாளும் நான் பயந்து பயந்து மிதிச்சிருக்கிறன், பிள்ளை. பிழை வண்டியிலை இல்லை. என்ர காலிலை."

அன்றிலிருந்து அவர் வேறு ஆள். கறுப்புக் கண்ணாடி வாங்கினார். தலையணையை மாற்றி, பூப்போட்ட உறை போட்டார். கோயிலில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஹாமில்டன் வழியை வளைவு வளைவாக விவரித்தார். வெலிங்டனில் இருக்கும் மகள் பிரணவியிடம் போனில், தானே டவுப்போ வரைக்கும் ஓட்டி வந்து ஏரி பார்க்கப் போவதாகச் சொன்னார். அவள் ஆங்கிலத்தில் என்னவோ கேட்க, "ஓம், நான்தான், அப்பா இல்லை, நான்" என்று மூன்று தரம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நான் டிரைவரே?" என்ற பேச்சு நின்றுபோனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அண்ணன் மட்டும் முன்னைவிட அமைதியாகிவிட்டார். இளம்பிள்ளை மாதிரி மனைவி மினுங்கும்போது இந்த ஆண்களுக்கு ஏன்தான் முகம் சுருங்குகிறதோ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

இங்கே நம் ஊருக்குத் தலைகீழாக, வருடப் பிறப்போடு கோடை வந்தது. பிப்ரவரியில் வெயில் ஏறிய ஒரு செவ்வாய்க்கிழமை, அக்கா உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, பெட்டிக் கதையை ஒரே மூச்சில் சொன்னார்.

"பலம் கூடினது உண்மை. ஆனா இப்ப எஞ்சின் சத்தம் சரியில்லை, தங்கச்சி. எஞ்சினுக்குக் காத்துத் தள்ளுற டர்போ விசிலடிக்கிறது மாறிப்போச்சு. ஏத்தத்திலை ஒரு எரிஞ்ச மணம் வருது. பின்னுக்குக் கரும்புகை தள்ளுதெண்டு உங்கடை கொழுந்தனாரும் சொன்னவர். குளிருக்கை தாங்கினது, இந்த வெய்யிலுக்கை தாங்காது."

"அப்ப கழட்டிப் போடுங்கண்ணா. மாட்டத் தெரிஞ்சவருக்குக் கழட்டத் தெரியாதா?"

அவர் ஒரு மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டார். "கழட்டினா வண்டி பழையபடி நொண்டும். அவவுக்குப் பெட்டி இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தன்ர கைதான் போச்சுதெண்டு நினைப்பா. திரும்பவும் வேறை ஆளைப் பாருங்கோ எண்டு வந்து நிப்பா."

"அப்ப சொல்லிட்டுக் கழட்டுங்க."

"என்னெண்டு சொல்லுறது? நீர் ஏத்தேல்லை, பெட்டிதான் ஏத்தினது எண்டோ?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாப்பது வருசத்திலை அவ இப்பிடிச் சிரிச்சு நான் கண்டதில்லை, தங்கச்சி. அதை நான் என்ர கையாலை கழட்டவோ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. எஞ்சின் போனால் வண்டி போகும், வண்டி போனால் வீடு தள்ளாடும், ஓடும் வழியில் ஏதாவது ஆனால் இரண்டு உயிர். இந்த மனுஷன் ஒரு சிரிப்பைப் பற்றிப் பேசுகிறார். கட்டாயம் இந்த வாரத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று அதட்டினேன். சனிக்கிழமை சொல்வதாகத் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமையே நடந்துவிட்டது. நான் அங்கே இல்லை. இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன், இரண்டும் பொருந்தித்தான் இருந்தது.

அன்று மூட்டை அதிகம், வெயிலும் அதிகம். டிரூரி தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அக்கா வழக்கம் போல மிதித்திருக்கிறார். பாதி ஏறியதும் வண்டி திடீரென்று மூச்சு வாங்கியது. ஏதோ இனிப்பாக வேகிற மாதிரி ஒரு வாசம். அண்ணனுக்கு அது ரேடியேட்டர் தண்ணீர் என்று உடனே தெரிந்தது. ஆனால் ஏற்றத்தின் நடுவில் லோடோடு நிறுத்துவது டிரைவருக்கு அழகில்லை என்பது அவருக்குள் ஊறிப்போன பழக்கம். நின்றால் மறுபடி எடுப்பது பாடு. உச்சி வேறு கண்ணுக்குத் தெரிகிறது.

"விடாதேயும். இன்னும் கொஞ்சம்தான். மேலை ஏத்திப்போட்டு நிப்பாட்டலாம்."

அக்கா காலை எடுத்தார். விளக்கை மினுக்க விட்டார். வண்டிக்குள் இருந்த ஹீட்டரை முழுக்கத் திருப்பினார், அந்த வெயிலில், எஞ்சினின் சூடு கொஞ்சமாவது உள்ளே வரட்டும் என்று. மெதுவாக ஓரத்துக்கு ஒதுக்கி, டிரெய்லர் கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டதா என்று கண்ணாடியில் பார்த்து, நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

"இன்னும் கொஞ்சம்தானே இருந்தது" என்றார் அண்ணன்.

"எனக்குச் சரியாப் படேல்லை. நிப்பாட்டினன்." நாற்பது வருடத்தில் வண்டி விஷயத்தில் அவர் பேச்சை அக்கா தட்டியது அதுதான் முதல் தடவை. முன்னால் மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. இறங்கிப்போய் மூடியைத் திறக்கப் போன அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்லில் உட்கார வைத்துவிட்டு, எனக்குப் போன் செய்தார். "மீனாட்சி, சாமான் இண்டைக்கு வராதெண்டு அங்கை சொல்லிவிடும்" என்றுதான் தொடங்கினார்.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து மதன்குமாரின் கராஜில் விட்டார்கள். மதன்குமார் கோயம்புத்தூர்ப் பையன், எங்கள் கடை டெலிவரி வேனையும் அவன்தான் பார்ப்பான். சில நாள் கழித்து, எஞ்சினின் மேல் பாகத்தைக் கழற்றிவிட்டேன், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டான். அக்காவும் அண்ணனும் போனார்கள். நானும் கூடப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, ஆனால் என்னால் கடையில் இருக்க முடியவில்லை.

மதன்குமார் கையில் அந்தப் பெட்டி இருந்தது.

"இதை யாருங்க மாட்டுனது?"

அக்கா அதைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "என்ன அது?"

"டியூனிங் பாக்ஸுங்க. இது எஞ்சின்கிட்ட பொய் சொல்லும். டீசல் ப்ரஷர் கம்மியா இருக்குன்னு சொல்லும், அதுவும் நம்பி இன்னும் இன்னும்னு டீசலை உள்ள தள்ளும். புது வண்டி, காலி வண்டி, சமதரைன்னா தாங்கிக்கும். நீங்க லோடு ஏத்தி மேட்டுல இழுத்திருக்கீங்க. உள்ள சூடு எகிறிருச்சு. தண்ணி கசியாம அடைக்கிற கேஸ்கெட் போயிருச்சு, டர்போ போயிருச்சு." அவன் எண்ணெய் படிந்த விரலால் எஞ்சினுக்குள் காட்டினான். "இந்தப் பிஸ்டன் ஓரம் பாருங்க, உருக ஆரம்பிச்சிருக்கு. சூட்டு முள்ளப் பாக்கலயாங்க?"

அவன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான், காய்ந்த சந்தனத்தைப் பார்த்தான். அவனும் நம்மவன்தானே, ஒன்றும் சொல்லாமல் தலையை வெளியே எடுத்தான்.

"நான்தான் மாட்டினனான்" என்றார் அண்ணன்.

"எப்ப?" என்றார் அக்கா.

"ஆகஸ்டிலை."

அக்கா கணக்குப் போடத் தேவையிருக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "அப்ப இவ்வளவு நாளும் ஏத்தினது நானில்லை."

"இல்லை" என்றார் அண்ணன். எனக்கு அவரைக் கிள்ள வேண்டும் போல இருந்தது. "ஏத்தினது பெட்டி."

அக்கா வெளியே போகத் திரும்பினார். மதன்குமாருக்கு நடப்பது என்னவென்று விளங்கவில்லை. அவன் பாட்டுக்குத் தன் பேச்சைத் தொடர்ந்தான். "ஒண்ணு சொல்லணுங்க. நல்ல நேரத்துல நிறுத்திருக்கீங்க. இன்னும் கொஞ்ச தூரம் மிதிச்சிருந்தா பிஸ்டன் உருகி எஞ்சின் மொத்தமா போயிருக்கும். இதைச் சரி பண்ணிரலாம். யாருங்க ஓட்டுனது?"

"அவதான்" என்றார் அண்ணன். பிறகு அக்காவின் முதுகைப் பார்த்துப் பேசினார். "நான் நிப்பாட்ட வேண்டாமெண்டனான். மேலை ஏத்தச் சொன்னனான். நான் ஓட்டியிருந்தா எஞ்சின் இண்டைக்கு இல்லை. ஏத்தினது பெட்டி, சரி. நிப்பாட்டினது நீர்."

அக்கா திரும்பவில்லை. நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். அண்ணனை நான்தான் காரில் வீட்டில் விட்டேன்.

வண்டி கராஜில் இருந்த நாளெல்லாம் அந்த வீட்டில் சமையல் நடந்தது, பேச்சு நடக்கவில்லை. எங்கள் சாமானை வேறு ஒருவர் கொண்டுபோனார். ஒரு நாள் அக்கா பஸ்ஸில் வந்து இறங்கி, கடையின் பின்பக்கம் மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"பொய் சொன்னதுக்கு எனக்குக் கோவமில்லை, பிள்ளை. நான் ஒவ்வொரு நாளும் வந்து இஞ்சை பெருமை கதைக்கேக்கை, அவர் பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டவர். கோயிலிலை, பிரணவியோடை, எல்லா இடமும். மனதுக்குள்ளை எப்பிடிச் சிரிச்சிருப்பார்?"

"சிரிக்கலக்கா" என்றேன். "அந்த செவ்வாக்கிழமை, நீங்க இப்ப உக்காந்திருக்கிற இடத்துலதான் நின்னாரு. பெட்டியைக் கழட்டுங்கன்னு நான் கத்துனேன். கழட்டினா வண்டி நொண்டும், அவ தன் கைதான் போச்சுன்னு நினைப்பான்னாரு. நாப்பது வருஷத்துல நீங்க இப்படிச் சிரிச்சு அவரு பாத்ததில்லையாம். அதைத் தன் கையால கழட்டணுமான்னு கேட்டாரு. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு."

அக்கா வெகுநேரம் மூட்டையின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "விசர் மனுசன்" என்றார், அவர்கள் பேச்சில் விசர் என்றால் கிறுக்கு. குரலில் கோபம் இருந்த இடத்தில் வேறு என்னவோ இருந்தது. பிறகு, "தேத்தண்ணி இருக்கே?" என்றார்.

மார்ச் கடைசியில் வண்டி திரும்பி வந்தது. பெட்டி இல்லை. லோடைக் குறைக்க வேண்டும் என்று மதன்குமார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான், அதனால் மூட்டைகளைப் பிரித்து இன்னொரு நாளும் போவதாக ஏற்பாடு. சாவி இந்தத் தடவை சாமித் தட்டுக்குப் போகவில்லையாம். அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துச் சமையலறை வாசலில் வந்து நின்றாராம்.

"இனி ஏத்தத்திலை நொண்டும்" என்றாராம்.

"நொண்டட்டும்" என்று எடுத்துக்கொண்டாராம் அக்கா.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வண்டி சந்துக்குள் பின்னால் வந்தபோது நான் முதலில் பார்த்தது மீட்டர் கண்ணாடியைத்தான். துடைத்திருந்தது. எல்லா முட்களும் தெரிந்தன. சந்தனம் மேலே கூரையில், சூரியன் படாமல் மடக்கும் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டாக ஏறியிருந்தது. "பிள்ளையாருக்கு எங்கையிருந்தாலும் கண் தெரியும், எனக்குத்தான் முள்ளைப் பாக்க வேணும்" என்றார் அக்கா. அண்ணன் தார்ப்பாயைக் கட்டினார். இருவரும் புறப்பட்டார்கள். எனக்கு அன்று கல்லாவில் உட்கார முடியவில்லை. அந்த ஏற்றத்தில் யாராவது ஹார்ன் அடித்துவிடுவார்களோ, அக்கா மறுபடியும் சுருங்கிவிடுவாரோ என்று அதே நினைப்பு. வாடிக்கையாளர் ஒருவர் உளுந்து கேட்டார், கடலைப் பருப்பைக் கொடுத்தனுப்பினேன்.

மதியம் திரும்பி வந்தார்கள். அக்கா மட்டும் இறங்கிக் கடைக்குள் வந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"எப்படிக்கா இருந்துச்சு? பாம்பே?"

"ஆறுதலா, மெள்ளத்தான் ஏறினது. ஓரத்து லேனிலை. பின்னுக்கு ஒரு பெரிய வரிசை."

"ஹார்ன் அடிச்சாங்களா?"

"அடிச்சவங்கள்." அக்கா சொல்லிவிட்டு வெளியே வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "நான் வேகம் கூட்டேல்லை. கூட்டினா வண்டி குலுங்கும். அவர் எழும்பிப்போடுவார்."

"எழும்பிப்போடுவாரா?" என்றேன்.

"ஏத்தம் தொடங்கேக்கையே நித்திரை கொண்டிட்டார், மீனாட்சி. அங்கை சாமான் இறக்கேக்கை எழும்பினவர், வரேக்கை திரும்பவும் நித்திரை." சொல்லும்போதே அக்காவின் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. "கதவை அடிச்சுச் சாத்தாதேயும், என்ன?"

நான் மெதுவாக வெளியே போய்ப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டபடி, வாய் லேசாகத் திறந்து, தலையை ஜன்னலில் சாய்த்து அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். செருப்பு இரண்டும் கீழே, விரிப்பில் அந்தத் தேய்ந்த இடத்தின் மேல் கிடந்தன. கால் இரண்டையும் மடக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டிருந்தார்.